‘நீங்க முதல்ல’ என்று நின்றுபோன லொறிகள்

1

போன வெள்ளிக்கிழமை மரைக்காவுக்குப் பிரியாவிடை. மரைக்கா எங்கள் ஆய்வுகூடத்தின் தலைவி. ஒல்லாந்துக்காரி, ஆறடி உயரம், ஐம்பதைத் தாண்டியும் கொட்டுகிற மழையில் சைக்கிள் மிதித்து வேலைக்கு வருகிற மனுசி. வேறொரு பல்கலைக்கழகம் கூப்பிட்டுவிட்டது, போகிறார். கேக் வெட்டினார்கள். ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நானும் அவர்களுடைய மொழியில் எழுதிப் பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். கை தட்டினார்கள்.

ஆனால் சொல்லவேண்டியதில் பாதிதான் அதில் இருந்தது. மற்றப் பாதியைச் சொல்வதென்றால் சஹன் என்றால் என்ன, பென்சன் உள்ள கவுமெந்து உத்தியோகம் என்றால் என்ன, பொஞ்சாதியை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கிற ஆம்பிளையைக் கல்முனைப் பசார் எப்படிப் பார்க்கும் என்றெல்லாம் விளங்கப்படுத்த வேண்டும். அதற்குள் கேக் காய்ந்துபோகும். உங்களுக்கென்றால் இதையெல்லாம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதனால் மற்றப் பாதியை ஊருக்கு எழுதுகிறேன்.

2

நான் கல்முனையில் கணக்குப் படிப்பித்தவள். ஒவ்வொரு வருசமும் பள்ளிக்கூடத்துக்கு நேரசூசி போடுகிற வேலை என் தலையில்தான் வந்து விழும். எந்த வகுப்புக்கு எந்த நேரம் யார் போவது என்று எல்லாரையும் பொருத்திப் பார்க்கிற வேலை. ஒரு வாத்தியாருக்கு வயலுக்குத் தண்ணி கட்டப் போகவேணும், முதலாம் பாடம் சரிவராது. ஒரு டீச்சருக்குக் கைப்பிள்ளை, கடைசிப் பாடம் சரிவராது. ஆனால் ஒருத்தராவது என் முகத்தைப் பார்த்து “ஏலா” என்று சொன்னதில்லை. “பாப்பம் டீச்சர்” என்பார்கள். பாப்பம் என்றால் ஏலாது என்று விளங்காதவள் எங்கள் ஊரில் நேரசூசி போடமுடியாது.

அந்த நேரசூசிப் பைத்தியம்தான் என்னைக் கொழும்பில் கொம்பியூட்டர் படிக்க வைத்தது. அது பிறகு ஒரு புலமைப்பரிசிலாகி, எண்பதுகளின் நடுவில் என்னை ஒல்லாந்தில் கொண்டுவந்து இறக்கியது. எங்கள் கரையை ஒரு காலம் ஆண்டு, கந்தோர், லாச்சி, கக்கூசு என்று நமக்குச் சொற்களை விட்டுவிட்டுப் போன அதே ஒல்லாந்தர்! ஒபிசுக்கு நாம் சொல்லுகிற கந்தோர் இங்கேயும் கந்தோர்தான். முதல் கிழமை அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய தைரியம் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில், ஆய்வுகூடத்தில் பத்துப் பேர் இருக்கையில், கக்கூசு எங்கே இருக்கு என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். அது இங்கே இப்போது ஒருத்தரும் வாயில் எடுக்காத அசிங்கமான பழஞ்சொல்லாம். ஒருவன் கோப்பியைத் துப்பிவிட்டான். மரைக்காதான் எழுந்து வந்து, சிரிக்காமல், என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைக் காட்டினார்.

கோப்பிக் கதையும் அப்படித்தான். முதல்நாள் கோப்பியோடு பிஸ்கட் பேணியை நீட்டினார்கள். நான் நம் வழக்கப்படி “வேணாம்” என்றேன். இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் கட்டாயப்படுத்தி, கையில் திணித்தால்தானே எடுப்போம்? இவர்கள் “சரி” என்று சொல்லிப் பேணியை டப்பென்று மூடிவிட்டார்கள். எத்தனையோ நாள் வெறுங் கோப்பியைக் குடித்துக்கொண்டு அந்தப் பேணியைப் பார்த்தபடி இருந்திருக்கிறேன். ஊரில் நான் வாய்க்காரி என்று பேரெடுத்தவள். பிஸ்கட்டுக்கு முன்னால் வாய் எங்கே போனதோ தெரியாது.

இனி வேலையைச் சொல்லுகிறேன். அதுவரை நான் படித்த கணினி மொழிகள் எல்லாம் அதிகார மொழிகள். இதைச் செய், பிறகு அதைச் செய், முடிந்ததும் நில். மரைக்கா உண்டாக்கிய மொழியில் அதிகாரியே கிடையாது. ஒரு துறைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாரந்தூக்கிக்கும் ஒரு சின்ன நிரல், ஒவ்வொரு லொறிக்கும் ஒன்று, ஒவ்வொரு கப்பலுக்கும் ஒன்று. இவற்றை ஏஜென்ட் என்பார்கள். ஏஜென்ட் என்றதும் பயந்துவிடாதீங்க. சவூதிக்கு அனுப்புகிறேன் என்று பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒளித்துத் திரிகிற ஏஜென்ட் இல்லை, இது நல்ல சாமான். ஒவ்வொன்றுக்கும் தன் பாடு மட்டும்தான் தெரியும். கப்பல் வந்ததும், “இறக்குவதற்குச் சாமான் இருக்கு, யாரால் ஏலும்?” என்று எல்லாருக்கும் அறிவிக்கும். பாரந்தூக்கிகள், “என்னால் இந்த நேரத்துக்கு ஏலும்” என்று முன்வரும். கப்பல் ஒன்றைத் தெரிந்து வேலையை ஒப்படைக்கும். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே இடம் தேவைப்பட்டால் ஒருவர் விட்டுக்கொடுப்பார். அறிவி, முன்வா, ஒப்படை, விட்டுக்கொடு. இந்த நாலு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு துறைமுகத்தின் ஒருநாள் வேலை முழுவதையும், மேலே ஒருத்தரும் இல்லாமல், தங்களுக்குள் கதைத்தே நேரம் பிரித்துவிடும்.

அதை முதன்முதல் வாசித்த அன்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உதவி கேட்பதற்கென்று ஒரு மொழியில் தனியாக ஒரு சொல்லை வைத்திருக்கிறாரே இந்த மனுசி! நான் ஒரு நேரசூசி போட எத்தனை பேருடைய முகத்தைப் படிக்கவேண்டியிருந்தது! இங்கே ஒவ்வொருவரும் தன் தேவையைத் தானே சொல்ல, நேரசூசி தானாக விளைகிறது. அறிவாளி என்று நான் நிறையப் பேரைக் கண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அறிவுக்குச் சலாம் போடவேணும் போல் இருந்தது.

3

வேலை ஒரு வருசத்துக்குத்தான் என்று எழுதித் தந்திருந்தார்கள். வெளிநாட்டார் கந்தோரில் இருந்த பெண் என் பத்திரங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“உங்கள் கணவருக்கு இங்கே எங்கே வேலை?” என்றாள்.

“அவருக்கு இல்லை. எனக்குத்தான் வேலை.”

“அப்படியென்றால் அவர் எங்கே?”

“ஊரில், பிள்ளையோடு.”

அவளுக்கு அது பிடிபட நேரமெடுத்தது. பக்கத்து மேசையில் இருந்தவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். கடைசியில் சொன்னார்கள்: வேலை நீடிக்கப்பட்டால் கணவரையும் பிள்ளையையும் கூப்பிடலாம். நீடிக்காவிட்டால் வருச முடிவில் நானும் போகவேண்டியதுதான். அன்றிலிருந்து என் நெஞ்சுக்குள் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது, வேலை நீடிக்குமா என்று.

எங்கட மனுசன் நவாஸ். அவரும் வாத்தியார்தான், பூமிசாத்திரம். என்னைப்போல் இல்லை, நாலு சொல் சொல்லவேண்டிய இடத்தில் ஒன்றைத்தான் சொல்வார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிய, மகள் ஸமீஹாவையும் கூட்டிக்கொண்டு பசாரில் ஒரு சிநேகிதருடைய புடவைக்கடைக்கு வந்து நிற்பார். அங்கே டெலிபோன் இருந்தது. நான் இங்கே காலையில் தபால் கந்தோர் டெலிபோன் கூண்டுக்குள் நின்று எடுப்பேன். சில வெள்ளிக்கிழமை லைன் கிடைக்கும். சில வெள்ளிக்கிழமை ஊரில் கலவரம் என்று கடை பூட்டி இருக்கும். கரையோர றோட்டில் பஸ் ஓடுவதும் நிற்பதுமாக இருந்த காலம். மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளிருக்காது. அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

லைன் கிடைத்தால் அவர் தொடங்குவதே இப்படித்தான்: “என்ன, உங்கட மரைக்கார் என்ன சொல்றா?” நான் பேரைச் சொன்ன நாளிலேயே அந்த மனுசியைப் பள்ளிவாசல் நிருவாகம் பார்க்கிற மரைக்கார் ஆக்கிவிட்டார்.

“மரைக்கார் நல்லா இரிக்கா. பசார்ல என்ன கதை?”

“என்ன கதை? பொஞ்சாதிய சவூதிக்கு அனுப்பிட்டு நவாஸ் மாஸ்டர் புள்ளைக்குத் தலை இழுத்து, சடை பின்னி விடுறாராம் எண்டு கதை.”

“அல்லாஹ்வே! நீங்க என்ன சொன்னீங்க?”

“சவூதி இல்லடா, ஒல்லாந்து எண்டு சொன்னன்.”

சிரிப்பார். ஏச்சுப் பேச்சு எனக்கென்றால் திருப்பிக் கொடுப்பேன். அவர் வாங்கிக்கொண்டு நிற்கிற ஆள்.

மகளோ, முதல் மாதங்களில் டெலிபோனைப் பிடுங்கிக்கொண்டு அழுவாள். “எப்ப வாறீங்க? இப்ப வாங்க!” என்று கடைக்குள் உருண்டு பிரள்வாள். பிறகு அது குறைந்தது. ஒருநாள் கேட்கிறேன், தெளிவான குரலில்: “அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா. சுகமா இரிக்கீங்களா? நாங்க சுகம். வாப்பாக்கிட்ட குடுக்கன்.” விருந்துக்கு வந்தவளுக்குச் சொல்கிறதுபோல் சொல்லிவிட்டுப் போனாள். ஆறு வயதுப் பிள்ளை! எனக்கு அவளுடைய மரியாதை தேவையில்லை. அவள் கத்தவேணும், என் மேல் கோபிக்கவேணும். அன்றைக்கு நான் கூண்டுக்குள்ளேயே குந்திவிட்டேன். வெளியே நின்ற கிழவர் கண்ணாடியில் தட்டினார்.

நவாஸிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். “முடிவு வருமட்டும் வேலைய விட்டுடாதீங்க. இங்க எல்லாம் பிழையாப் போனா, உங்கட கவுமெந்துச் சம்பளம்தான் நமக்கு.”

“ஓம், ஓம்” என்பார்.

4

வருசம் முடியப் போகிற நேரத்தில் எங்கள் மொழியைத் தங்கள் வேலைக்கு எடுப்பதா என்று துறைமுகத்துக்காரர்கள் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர்களுக்குப் பிடித்தால் திட்டம் தொடரும், என் வேலையும் தொடரும். பிடிக்காவிட்டால் எல்லாம் முடிந்தது, பெட்டி கட்டவேண்டியதுதான்.

லொறிகளை எழுதினது நான். இரண்டு லொறிக்கு ஒரே பாரந்தூக்கி தேவைப்பட்டால் என்ன செய்வது என்ற விதியை மரைக்கா என்னிடமே விட்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை, நம் வீட்டுப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்: மற்றவனுக்கும் தேவை என்று தெரிந்தால் விட்டுக்கொடு, பிறகு கேள். சோதித்துப் பார்த்தபோதெல்லாம் ஒரு லொறி முந்தி வரும், ஒன்று பிந்தி வரும். எல்லாம் அழகாக ஓடியது.

அன்று துறைமுகத்தில் வேலைகளுக்குப் பொறுப்பான பீட்டர் என்பவர் வந்திருந்தார். கட்டையான, கழுத்து சிவந்த மனிதர். பின்னால் இன்னும் சிலர். துறைமுகத்தின் ஒரு காலைநேர வேலை முழுவதையும் உள்ளே போட்டோம். மேசைகளில் வரிசையாக இருந்த இயந்திரங்கள் ஒன்றோடொன்று கதைக்கத் தொடங்கின. திரையில் பச்சை எழுத்து ஓடியது. கப்பல் அறிவித்தது. பாரந்தூக்கிகள் முன்வந்தன. இரண்டு லொறிகள் ஒரே நேரத்தில் வந்தன.

முதலாம் லொறி: விட்டுக்கொடுக்கிறேன். இரண்டாம் லொறி: விட்டுக்கொடுக்கிறேன். இடம் காலியாக இருக்கக் கண்டு இரண்டும் திரும்பக் கேட்டன. மற்றவனும் கேட்கிறான் என்று அறிந்து இரண்டும் திரும்ப விட்டுக்கொடுத்தன. நீங்க முதல்ல, இல்ல இல்ல, நீங்க முதல்ல! பின்னால் மூன்றாவது வந்தது, நாலாவது வந்தது. எல்லாம் என் பிள்ளைகள், எல்லாம் மரியாதை தெரிந்ததுகள். திரை முழுக்க ஒரே சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெட்டிகூட இறங்கவில்லை.

பீட்டர் திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து வாசித்தார். பிறகு சொன்னார்: “என்னுடைய லொறிக்காரர்கள் இப்படி இருந்தால் நான் இருபது வருசம் குறைந்த ஆளாகத் தெரிவேன். ஆனால் கப்பல் அழுகிப்போகும்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது போல் இருந்தது. வேலை போச்சு, பிள்ளை போச்சு என்று காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது மரைக்கா எழுந்தார்.

“பிழை என்னுடையது,” என்றார். “விட்டுக்கொடு என்று ஒரு சொல்லை மொழியில் வைத்தேன். யாருக்கு என்று சொல்ல வைக்கவில்லை. இன்னொரு கிழமை தாருங்கள்.”

என் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை. விதியை எழுதினவள் இன்னார் என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தெரியவரவில்லை. பெரிய பதவியில் இருக்கிறவர்களை நான் எங்கள் ஊரிலும் கண்டிருக்கிறேன், கொழும்பிலும் கண்டிருக்கிறேன். பிழை தலைக்கு மேலே வந்தால் கீழே நிற்கிறவன் தோளில்தான் இறக்கி வைப்பார்கள். இந்த மனுசி தன் மொழியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அன்றைக்கு என் மனதில் ஏறி உட்கார்ந்தவர், இன்னும் இறங்கவில்லை.

அடுத்தநாள் வெள்ளிக்கிழமை. நான் நவாஸிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். வாழ்க்கையில் அப்படி அழுததில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “சாப்பிட்டயா?” என்றார். அவ்வளவுதான்! எனக்கு வந்த கோபத்தில் டெலிபோனை அடித்து வைத்தேன்.

5

மரைக்கா என்னை ஏசுவார் என்று பார்த்தால், அவருக்குச் சிரிப்புத்தான். “நிரல்கள் பேராசையால் முட்டிக்கொண்டு நிற்பதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். உபசாரத்தால் நின்றதை இப்போதுதான் காண்கிறேன்,” என்றார். “உங்கள் ஊரில் எல்லாரும் இப்படி விட்டுக்கொடுத்தால், கடைசியில் யார்தான் சாப்பிடுகிறது?”

“எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிடுகிறோம்,” என்றேன். எனக்கு ரோசம். ஊரைச் சொன்னால் விடுவேனா? “சனிக்கிழமை வாருங்கள், காட்டுகிறேன்.”

சந்தையில் பெரிய தட்டம் ஒன்று தேடிப் பிடித்தேன். நெய்ச்சோறு ஆக்கி, கோழி பொரித்து, கத்தரிக்காய் பால்கறி வைத்து, என் சின்ன அறையில் பாயை விரித்தேன். என்னோடு சேர்த்து ஆறு பேர், ஒரே தட்டத்தைச் சுற்றியிருந்து சாப்பிடுகிற ஒரு சஹனுக்குச் சரியான கணக்கு. ஐந்து ஒல்லாந்துக்காரர் நிலத்தில் குந்துவதைக் கண்டிருக்கவேணும்! யான் என்ற நெட்டையனுக்கு முழங்காலை எங்கே வைப்பது என்று கடைசிவரை தெரியவில்லை.

கையை வைத்ததும் அவனவன் தன் முன்னால் விரலால் எல்லை போட்டான். யான் நேராக நடுவுக்குக் கையை விட்டுத் தொடைத்துண்டை எடுத்துக்கொண்டான். “ஓ, இதுதான் ஒல்லாந்து முறையா!” என்றேன். வெட்கப்பட்டுத் திரும்ப வைத்தான். பிறகு ஒருத்தரும் இறைச்சியைத் தொடவில்லை. எல்லாரும் சோற்றைப் பிசைந்துகொண்டு ஆளை ஆள் பார்த்தார்கள். அப்படியே என் லொறிகள்.

நான் நம் வழக்கப்படி இறைச்சியைப் பிய்த்து, யாருக்கு முன்னால் குறைவோ பார்த்து வைத்தேன். மரைக்காவுக்கு ஒன்று, பக்கத்தில் இருந்தவளுக்கு ஒன்று. யானுக்கு அதே தொடைத்துண்டைப் பிய்த்து வைத்தேன். அவன் “இல்லை, இல்லை, நீங்கள் சாப்பிடுங்கள்” என்று திருப்பி என் பக்கம் தள்ளினான்.

எனக்கு வந்ததே கோபம். “வெச்சா வெச்சதுதான்! திருப்பித் தரப்படாது!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு அவர்களுடைய மொழியில் சொன்னேன்: தனக்கென்று எடுக்கக்கூடாது, கையில் இருப்பவர் மற்றவருக்கு வைக்கவேணும், வைத்தால் வாங்கினவர் திருப்பித் தரவும் கூடாது, அடுத்தவருக்குத் தள்ளவும் கூடாது, சாப்பிடவேணும்.

மரைக்காவின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. “திரும்பச் சொல்,” என்றார்.

திரும்பச் சொன்னேன்.

“திருப்பித் தந்தால்?”

“தந்தால் மானக்கேடு. கல்யாண வீட்டில் அப்படிச் செய்தால் அவளோடு ஒரு வருசம் கதைக்கமாட்டோம்.”

“இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒருவருக்கு ஒருவர் வைத்தால்?”

“ஒரு துண்டுதானே இருக்கு? கையில் இருக்கிறவர்தான் வைக்கலாம். கையில் இல்லாதவர் எதை வைப்பது?”

மனுசி எழும்பிவிட்டார். சோற்றுக் கையோடு மேசையில் காகிதம் தேடினார். “இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?” என்றார்.

“இதுக்கெல்லாம் யார் பேர் வைப்பார்கள்? சாப்பிடுகிறோம், அவ்வளவுதான்.”

நான் இதை ஒரு விதி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் கேட்ட கேள்விகள்தான் அதை விதியாக்கின. நானும் கேட்டதற்குப் பதில் சொல்லச் சொல்ல எனக்கே புதிதாக இருந்தது. அந்தக் கிழமை முழுக்க இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து எழுதினோம். மொழிக்குள் ஐந்தாவதாக ஒரு சொல் ஏறியது. அதற்கு வெறுமனே ‘வை’ என்று பேர் வைத்தார். பாரந்தூக்கி தன் நேரத்தைத் தானே தெரிந்த ஒரு லொறியின் கையில் கொடுக்கும். அந்த லொறி சுற்றிப் பார்க்கும். தன்னிடம் பலகை, மற்றவனிடம் அழுகிப்போகிற வாழைப்பழம் என்றால் அவனுக்கு முன்னால் வைக்கும். வைத்தால் வைத்ததுதான். வாழைப்பழ லொறி மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

6

சொன்னபடி ஒரு கிழமை முடிய பீட்டர் திரும்ப வந்தார். இந்த முறை உட்காரவே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அதே காலைநேர வேலை. லொறிகள் ஒன்றாக வந்தன. நான் வாய்க்குள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தேன். முதலாம் லொறி இரண்டாவதுக்கு வைத்தது. இரண்டாவது எடுத்தது. பெட்டி இறங்கத் தொடங்கியது. ஒன்று, இன்னொன்று, பிறகு விறுவிறென்று.

“இதில் யார் தலைவன்?” என்று கேட்டார் பீட்டர்.

“ஒருவரும் இல்லை,” என்றார் மரைக்கா.

பீட்டர் அதை நம்பவில்லை. மேசைகளைச் சுற்றி நடந்தார், பாரந்தூக்கி என்று எழுதி ஒட்டியிருந்த ஒரு இயந்திரத்தின் முன் நின்றார், குனிந்து அதன் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டார். எனக்கு உயிரே போய் வந்தது. திரை ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு கப்பல் அறிவித்தது: ஒருவரிடமிருந்து பதில் இல்லை, அந்த வேலை திரும்ப வெளியே வருகிறது, யாரால் ஏலும்? மற்றப் பாரந்தூக்கி முன்வந்தது. லொறிகள் தங்கள் நேரங்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டன. வேலை கொஞ்சம் மெதுவானது, ஆனால் நிற்கவில்லை.

சுபஹானல்லாஹ்! அந்தப் பகுதி முழுக்க மரைக்காவின் எழுத்து. நான் எத்தனையோ தரம் வாசித்திருந்தும், கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். ஒருவன் விழுந்தால் அவன் வேலையை மற்றவர்கள் கேட்டு எடுத்துக்கொள்கிறார்கள், விழுந்தவனை ஒருத்தரும் ஏசவில்லை. மனிதர்களுக்கு இப்படி ஒரு சட்டம் எழுத யாராவது இருந்தால் எவ்வளவு நல்லது! பீட்டர் வயரைத் தன் கையாலேயே திரும்பச் செருகிவிட்டு, “கோப்பி இருக்கா?” என்று கேட்டார்.

திட்டம் நீடிக்கப்பட்டது. என் வேலையும் நீடிக்கப்பட்டது.

7

அந்த வெள்ளிக்கிழமை கூண்டுக்குள் நின்று எண்ணைச் சுழற்றினேன். முதல் தரமே லைன் கிடைத்தது.

“வேலை நீட்டிட்டாங்க!” என்று கத்தினேன். “கேக்குதா? நீங்க ரெண்டு பேரும் வரலாம்! இனி நீங்க கல்விக் கந்தோருக்குப் போய் வேலைய விடுறதுக்கு எழுதிக் குடுங்க. அது முடிய மாதக்கணக்கா இழுப்பாங்க, இண்டைக்கே போங்க.”

“ம்…” என்று இழுத்தார்.

“என்ன, பயமா இரிக்கா?” என்றேன். எனக்கே பயம் வந்துவிட்டது. பென்சன் உள்ள உத்தியோகம். பசாரில் தலை நிமிர்ந்து நடக்க அவருக்கு மிச்சமாக இருந்தது அது ஒன்றுதான்.

“இல்ல,” என்றார். “அது நான் எழுதிக் குடுத்தாச்சி.”

“எப்ப?”

“முந்தியே.”

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. “உங்களுக்கு மூளை கழண்டு போச்சா? முடிவு வருமட்டும் விட வேணாம் எண்டு எத்தன தரம் சொன்னன்! நான் தோத்து வந்திருந்தா என்ன செஞ்சிரிப்பீங்க? புள்ளைக்கு என்னத்தக் குடுப்பீங்க? நான் வெல்லுவன் எண்டு உங்களுக்கு ஆரு சொன்ன?”

“வெல்லுவாய் எண்டு நினைச்சு விடல்ல,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பின்னால் கடையில் யாரோ சீத்தைத் துணி கிழிக்கிற சத்தம் கேட்டது. “எல்லாம் நிண்டுபோச்சு எண்டு அண்டைக்கு அழுதாயே. அண்டைக்குத்தான் போய்க் குடுத்தன்.”

“அண்டைக்கா? ஏன்?”

“நீ அங்க தனிய நிண்டு அழுறாய். எனக்குக் கொம்பியூட்டர் தெரியா. வேற என்ன செய்யிறதெண்டு தெரியல்ல.”

வாய்க்காரி என்று பேரெடுத்த நான் டெலிபோனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கண்ணீர் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

“ஜெஸீமா,” என்றார். “லைன் இரிக்கா?”

“இரிக்கி,” என்றேன்.